ஒரே வீட்டுக்கு மறுபடியும் வருவது ஏன்?

காணியை இழந்து வேறிடத்தில் குடியேறிய குடும்பங்களுக்குக் கணக்கெடுப்பு புதிதல்ல. வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு காணி, எத்தனை மாடு, மாத வருமானம் என்ன என்று ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டு போவார். இரண்டு வருடம் கழித்து அதே கேள்விகளோடு இன்னொருவர் வருவார். "போன முறையே எல்லாம் சொன்னோமே" என்று சலித்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்த இரண்டாவது வருகைதான் பெரும்பாலும் உங்களுக்குப் பயன் தருவது. அதன் காரணத்தை இங்கே பார்ப்போம்.

வேறு வீடுகளை எண்ணினால்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குப்படி, 2006/07இல் நம் பெருந்தோட்டத் துறையில் 100க்கு 32 பேர் வறுமையில் இருந்தனர். 2009/10இல் அது 11.4 ஆகக் குறைந்தது. 2019இல் புதிய வறுமைக்கோட்டின்படி 33.8 என்றார்கள். கோடு மாறியதால் இதை முந்திய எண்களோடு நேரே ஒப்பிட முடியாது. இன்னொரு விடயமும் உண்டு. இந்த அளவீடுகளில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வீடுகளே தெரிவு செய்யப்படுகின்றன. எத்தனை பேர் ஏழைகள் என்பதை அவை சொல்லும். முன்பு ஏழையாக இருந்த வீடு எழுந்ததா, நன்றாக இருந்த வீடு விழுந்ததா என்பதைச் சொல்லமாட்டா.

உடப்புசல்லாவையில் ஒரு லயத்தில் பத்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் மூன்று வீடுகளில் வறுமை. மூன்றாம் வருடமும் மூன்று வீடுகளில் வறுமை. எண் மாறவில்லை. ஆனால் அவை அதே மூன்று வீடுகளா, புதிய மூன்றா? அதே வீடுகள் என்றால் அவற்றுக்கு நிரந்தரமான தொழிலோ காணியோ வேண்டும். புதிய வீடுகள் என்றால் நோய், மழை, கடன் போன்ற அடி விழும்போது தாங்கிப்பிடிக்கும் அவசர உதவி வேண்டும். மருந்து வேறாவதால் நோயைச் சரியாக அறியவேண்டும்.

ஒரே குடும்பங்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து சேர்க்கும் விபரத்தைப் புள்ளிவிபரவியலில் 'பெனல் தரவு' என்பார்கள். இந்தியாவில் ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையம் 1975இல் ஆறு கிராமங்களில், கிராமத்துக்கு 40 வீடாக, 240 வீடுகளில் இதைத் தொடங்கியது. ஒன்பது வருட விபரங்களை ஆராய்ந்து ராகவ் கைஹாவும் அனில் தேவலாலிகரும் 1993இல் எழுதினார்கள். ஒன்பது வருடமும் வறுமையில் கிடந்தவை 100க்கு ஏறத்தாழ 22 வீடுகள். ஒரு வருடமேனும் வறுமையைக் காணாதவை ஏறத்தாழ 12. மீதி 66 வீடுகளும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. ஒரே ஒரு வருடம் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது.

மூன்று விடைகள்

மரக்கறித் தோட்டத்துக்குக் கடன் கொடுத்தார்கள். அதனால் பலன் உண்டா? ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். கடன் பெற்ற வீட்டின் மாத வருமானம் முன்பு 18,000 ரூபா, பின்பு 24,000. கடன் பெறாத வீட்டில் முன்பு 12,000, பின்பு 16,000.

பின்புள்ள நிலையை மட்டும் பார்ப்பவர், கடனால் 8,000 ரூபா கூடியது என்பார். ஆனால் கடன் பெற்ற வீடு முதலிலேயே வசதியானது. நல்ல மண்ணோ, உழைக்கும் கைகளோ அங்கே கூடுதலாக இருந்திருக்கலாம். எனவே ஒரு வீட்டை அதே வீட்டோடு ஒப்பிடவேண்டும். அப்போது அந்த வீட்டில் மாறாமல் இருக்கும் குணங்கள் இரு பக்கமும் கழிந்துபோகும். விடை 6,000. இது 'நிலையான விளைவு' முறையின் அடிப்படை.

அதுவும் போதாது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்ததுபோல, எல்லோருக்கும் பொதுவான மாற்றங்கள் வரும். கடன் பெறாத வீட்டிலும் 4,000 கூடியிருக்கிறது. அதையும் கழித்தால் கடனின் பலன் 2,000. 'வித்தியாசங்களின் வித்தியாசம்' என்பது இதுதான். கடன் இல்லாவிட்டால் இரு வீடுகளும் ஒரே அளவு உயர்ந்திருக்கும் என்றால் மட்டுமே இது செல்லும். ஆகவே கடனுக்கு முந்திய வருடங்களின் கணக்கும் தேவை.

போனவர்களை விடக்கூடாது

இடம்பெயர்ந்தோரைப் பற்றிய நீண்ட ஆய்வு ஒன்று ஆபிரிக்காவில் நடந்தது. சாம்பேசி நதியில் கரிபா அணை கட்டியபோது ஏறத்தாழ 57,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அதற்கு முன்பே, 1956இல், எலிசபெத் கோல்சனும் தேயர் ஸ்கடரும் அந்த மக்களிடம் சென்று, பல தசாப்தங்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். முதலில் துன்பம், பிறகு ஓரளவு முன்னேற்றம், 1970களின் நடுப்பகுதிக்குப் பின் மீண்டும் சரிவு. 1970இல் மட்டும் போயிருந்தவர் குடியேற்றம் வெற்றி என்று எழுதியிருப்பார். ஸ்கடர் பின்னர் நமது மகாவலிக் குடியேற்றங்களையும் ஆராய்ந்தார்.

இம்முறையில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. தாக்குப்பிடிக்க முடியாமல் கொழும்புக்கோ வன்னிக்கோ போன குடும்பத்தைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டால், எஞ்சியவர்களின் சராசரி உயர்ந்து காட்டும். யாரும் முன்னேறாமலே முன்னேற்றம் வந்துவிடும். போனவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் எத்தனை வீடு விடுபட்டது என்றாவது எழுதவேண்டும்.

அடுத்த முறை கணக்கெடுக்க வருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். முன்பு பதிந்த அதே வீடுகளுக்குத்தான் போகிறீர்களா? உதவி கிடைக்காத வீடுகளையும் பதிகிறீர்களா? ஊரைவிட்டுப் போனவர்களை என்ன செய்கிறீர்கள்? முடிவை எங்களுக்கு வந்து சொல்வீர்களா?

அவரை எதிர்பாராமல் நீங்களே ஒரு கொப்பியில் எழுதி வரலாம். ஒவ்வொரு மாதமும் வரவு, செலவு, கடன், வேலை கிடைத்த நாட்கள், நோய் ஆகிய ஐந்தையும் ஒரே முறையில் எழுதுங்கள். சங்கத்தில் இருபது வீடுகள் இப்படி மூன்று வருடம் எழுதினால், நட்டஈடோ காணியோ கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது இழப்பு எப்போது தொடங்கியது, இன்னும் தொடர்கிறதா என்பதை மாதவாரியாக எடுத்து வைக்கலாம்.