ஊர் திரும்பிய பின் நீரிழிவு: வீட்டிலேயே சீனியின் அளவை அறிந்துகொள்வோம்

சொந்த ஊருக்குத் திரும்பியதும் காணி துப்புரவாக்கல், கிணறு இறைத்தல், கொட்டில் போடுதல் என்று எல்லா வேலைகளும் ஒன்றாகத் தலைமேல் வந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் வீட்டிலுள்ள நீரிழிவு நோயாளரின் குளிசைப் பையைப் பற்றி எவரும் அதிகம் யோசிப்பதில்லை.

முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தபோது உங்கள் சாப்பாடும் உடலுழைப்பும் ஒரு விதமாக இருந்தன. வைத்தியர் அதைப் பார்த்தே குளிசையின் அளவைத் தீர்மானித்தார். இப்போது வேலை கூடிவிட்டது, சாப்பாட்டு நேரமும் மாறிவிட்டது. குளிசை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. ஆகவே மீள்குடியேறிய முதல் சில வாரங்களில் இரத்தத்திலுள்ள சீனியின் அளவை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது மிகவும் பயனுள்ளது.

எப்போது அளப்பது?

அளக்கும் கருவிக்கான ஸ்ட்ரிப்புகள் விலை கூடியவை. எனவே நினைத்த நேரமெல்லாம் அளக்காமல், சோடியாக அளந்து பாருங்கள். சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு தடவையும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தின் பின் இன்னொரு தடவையும் அளவுங்கள். ஒரு நாள் காலைப் புட்டுக்கு, இன்னொரு நாள் மதியச் சோற்றுக்கு, மற்றொரு நாள் இரவுப் பாணுக்கு என்று பார்த்தால், எந்தச் சாப்பாடு எவ்வளவு கூட்டுகிறது என்பது உங்களுக்கே விளங்கும். அதிகம் கூட்டும் சாப்பாட்டை முற்றாக விடவேண்டியதில்லை. அளவைக் குறைத்து, கீரை, பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

எப்படி அளப்பது?

1. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய கையோடு அளந்தால், பழத்தின் இனிப்பும் சேர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டும்.
2. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். நோவு குறையும். ஒவ்வொரு முறையும் விரலை மாற்றுங்கள்.
3. ஊசியை ஒருவர் பாவித்தபின் இன்னொருவர் பாவிக்கக் கூடாது. பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.
4. ஸ்ட்ரிப்புகளை அவற்றின் டப்பாவிலேயே இறுக மூடி வையுங்கள். தகரக் கொட்டிலின் பகல் வெக்கையும் ஈரமும் அவற்றைப் பழுதாக்கும். காலாவதித் திகதியையும் பாருங்கள்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய கருவியாயின் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். அதற்குரிய ஸ்ட்ரிப் இங்குள்ள மருந்துக்கடையில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். அடுத்து, அது 7.0 போன்ற சிறிய புள்ளி எண்ணைக் காட்டினால் பயப்பட வேண்டாம். அதை 18 ஆல் பெருக்கினால் இங்கு வழக்கிலுள்ள எண் கிடைக்கும். 7.0 என்பது 126 ஆகும்.

எண் என்ன சொல்கிறது?

பெரும்பாலானோருக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரையும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் 180க்குக் குறைவாகவும் இருப்பது நல்லது. முதியோருக்கும் வேறு நோயுள்ளோருக்கும் வைத்தியர் வேறு அளவு கூறியிருக்கலாம். அவர் கூறியதையே பின்பற்றுங்கள். எண் தொடர்ந்து 300க்கு மேல் இருந்தாலோ, கூடிய எண்ணுடன் வாந்தி, கடும் தாகம், மயக்கநிலை இருந்தாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

70க்குக் குறைந்தால்

புதிதாகத் திரும்பியோர் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும், கிளிக்கிளசைட் போன்ற சில குளிசைகள் எடுப்பவர்களுக்கும், வெறும் தேநீரோடு காணிக்குள் இறங்கினால் சீனி சடுதியாகக் குறையலாம். நடுக்கம், வியர்வை, கடும் பசி, தலைச்சுற்று, பேச்சுத் தடுமாற்றம் என்பன அதன் அறிகுறிகள். வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்ப்பதும் களைப்பதும் வழமைதானே என்று விட்டுவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உடனே வேலையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளந்து, இன்னும் குறைவாயிருந்தால் திரும்பவும் அதையே செய்ய வேண்டும். சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் அறிகுறி தெரிந்தால் காத்திருக்காதீர்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அவரைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். காணிக்குப் போகும்போது மடியில் சிறு பொதி சீனி இருக்கட்டும். அது எதற்கு என்று கூட வேலை செய்பவருக்கும் சொல்லிவையுங்கள்.

எழுதி வையுங்கள்

திகதி, நேரம், எண், சாப்பிட்டது, செய்த வேலை ஆகியவற்றைப் பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் குறியுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாகவே குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பழைய கிளினிக் கொப்பியுடன் அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள அரச வைத்தியசாலை கிளினிக்கில் பதிவுசெய்யுங்கள். கையிலுள்ள குளிசை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். புதிய வைத்தியர் உங்களை முன்பின் அறியாதவர். நீங்கள் இப்போது எப்படி வாழ்கிறீர்கள் என்பதை அந்தக் கொப்பிதான் அவருக்குச் சொல்லும்.