தண்ணி வேண்டாத புல்லு காலைச் சுடுது!

அருப்புக்கோட்டை-

தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெட்ட வேண்டாம். மாடு மேயாது. வருஷம் பூராவும் பச்சை!

பிளாஸ்டிக் புல் விற்கிறவர்கள் சொல்லும் கணக்கு இது. "ஒரு தடவை விரிச்சாப் போதும் அண்ணாச்சி" என்பார்கள். பண்ணை வீடு கட்டி, கொல்லையில் நீச்சல் குளமும் வெட்டுகிறவருக்கு இந்தப் பேச்சு தேனாக இனிக்கும். குளத்தைச் சுற்றிச் சேறு இல்லை. காலில் கரிசல் மண் அப்பாது. போட்டோவுக்கும் ஜோர்.

ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலில் அந்தப் புல் மேல் வெறுங்காலோடு நிற்க முடியுமா? நீச்சல் குளத்துக்குள் செருப்போடு இறங்குகிறவர் யார்?

200 டிகிரி!

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே செயற்கைப் புல் மைதானம் போட்டார்கள். ஷூ போட்டிருந்த பயிற்சியாளருக்கே பாதம் கொப்பளித்துவிட்டது!

2002-ல் அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 98 டிகிரி. புல்லின் மேலே 200 டிகிரி! தண்ணீர் கொதிக்க 212 டிகிரி போதும் என்பது பள்ளிப் பாடம்.

தண்ணீரைப் பீய்ச்சியதும் 85 டிகிரிக்கு இறங்கியது. ஐந்தே நிமிஷம், மறுபடி 120. இருபது நிமிஷத்தில் 164!

98 டிகிரி என்பது நம்ம பக்கம் பங்குனி, சித்திரையில் சர்வ சாதாரணம்.

அது கறுப்பு ரப்பர் துகள் தூவிய விளையாட்டு மைதானம். வீட்டுக்கு மணல் தூவிப் போடுகிற புல் அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் சுடும். நிஜப் புல் வேரில் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கித் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு வியர்க்காது!

கூரைக்குப் பிறந்த சரக்கு

இந்தப் புல் பிரபலமானதே கூரைக்கு அடியில்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ல் கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் மைதானம் திறந்தார்கள். வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் கூரையில் வெயில் கூசி, ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். உள்ளே இருந்த நிஜப் புல் செத்துப்போனது. 1966-ல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். ஏர்கண்டிஷன் மைதானத்துக்கு வந்த சரக்கை நாம் சித்திரை வெயிலில் போடுகிறோம்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆக்கிக்கும் இந்தப் புல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் உலகக் கோப்பை வென்ற இந்தியா அங்கே ஏழாவது இடம். அது தனி வயிற்றெரிச்சல்!

பக்கத்துக் கோவில்பட்டியிலும் செயற்கைப் புல் ஆக்கி மைதானம் உண்டு. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் போட்டி அங்கே நடந்தது. 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரைக்கும் வந்தன. பெரிய ஆக்கிப் போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் புல்லை நனைப்பது வழக்கம். பந்து வேகமாக ஓட வேண்டும், விழுந்தால் தோல் உரியக் கூடாது. தண்ணி வேண்டாத புல்லாம்!

குடக் கணக்கு

30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி 5 அடி ஆழம் என்று ஒரு குளம் வெட்டினால் சுமார் 64 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். 12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் ஐந்து லோடு போயும் நிறையாது. கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. ஆயிரம் பேருக்கு மேல் ஒரு நாள் தண்ணீர் அந்தக் குழிக்குள் நிற்கும்.

வெயிலில் 5 மில்லிமீட்டர் வற்றினாலே 200 லிட்டர் காலி. பதினைந்து குடம்! இதற்கு மேல், புல்லைக் குளிர வைக்க இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓஸ் பிடிப்பது யார்?

அருப்புக்கோட்டைக்குக் குடிதண்ணீர் வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் வந்தாக வேண்டும். திருச்சுழி குண்டாற்றில் வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். இங்கே பிள்ளைகள் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில். கரையில் புல் இருக்கிறதா என்று எவனும் பார்த்ததில்லை.

கரிசல் சும்மா விடாது

வெயிலைக்கூடச் சமாளிக்கலாம். கீழே இருக்கும் மண் பொல்லாதது.

கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். அதன் மேல் அப்படியே விரித்தால் ஐப்பசி மழையில் புல் மேடு தட்டும். மாசி பிறந்தால் குழி விழும். ஒட்டுப் போட்ட இடம் வாய் திறக்கும். குளத்து விளிம்பும் சேர்ந்து விரியலாம்.

கறுப்பு மண்ணை முடிந்த மட்டும் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். சரளை கொட்டி, தண்ணீர் விட்டு, திம்சு போட்டு இறுக்க வேண்டும். மேலே பாறைப்பொடி. வாட்டம் குளத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது இறக்கம் வேண்டும். இல்லாவிட்டால் மழையில் மண்ணும் தூசியும் குளத்துக்குள் இறங்கும். செலவு இங்கேதான். புல் விலையை மட்டும் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் வருகிறவர்கள் உண்டு.

புல் சுருளை விரித்துச் சில மணி நேரம் வெயிலில் கிடத்தினால் சுருக்கம் போகும். எல்லாச் சுருளிலும் புல் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். குளத்து விளிம்பில் ஆணி கூடாது. துரு ஏறிக் காலைக் கிழிக்கும். பசைதான். தூவுவதற்குச் சலித்த சிலிக்கா மணல் போதும். ரப்பர் துகள் குளத்தில் மிதந்து பில்டரை அடைக்கும். அந்தத் துகளை மைதானங்களுக்கு விற்பதற்கே ஐரோப்பாவில் 2023-ல் தடைச் சட்டம் வந்துவிட்டது. 2031 வரை தவணை.

அத்தனையும் செய்தாலும் உச்சிவெயிலில் சுடத்தான் செய்யும். மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் தப்பிக்கலாம். குளத்தைச் சுற்றி நடக்கிற இரண்டு மூன்றடிக்குக் கல் பாவி, நிழல் விழும் பக்கம் மட்டும் புல் போடுவது இன்னும் மலிவு.

வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி வரலாம். பகல் 12 மணிக்கு மொட்டை மாடியில் போட வேண்டும். 2 மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்று பார்க்கலாம்.