மெதுவாகப் போனால் வண்டி திணறுகிறதா?



குழுக் கூட்டத்தில் உள்கடன் எதற்கு என்று தீர்மானத்தில் எழுதும்போது, பிள்ளைகள் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, ஆடு மாடு இவற்றோடு இப்போது அடிக்கடி வருவது "வண்டி ரிப்பேர்". அதிலும் "இன்ஜின் வேலை" என்று இருந்தால் தொகை ஆயிரக்கணக்கில் போய்விடுகிறது. வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் பல பேர் சொல்வது ஒன்றுதான். "வேகமாப் போனா நல்லாத்தான் போகுது. மெதுவாப் போனா விக்குது, நிறுத்தினா ஆஃப் ஆயிடுது."

இந்தப் பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. வேகத்தில் நன்றாக இழுக்கிற வண்டிக்கு இன்ஜின் உள்ளே தேய்ந்து போயிருக்க வாய்ப்பு குறைவு. கோளாறு பெரும்பாலும் வெளியே, சின்ன இடத்தில்தான் இருக்கும். அது எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் கடன் வாங்கும் தொகையே மாறிவிடும்.

திண்டுக்கல் பக்கம் நம் பெண்களின் வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது எக்ஸ்எல் தான். ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டிவிஎஸ் 50-தான் இதற்கு முன்னோடி, இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பர் இன்னும் நம் ஊர்களில் ஓடுகிறது. 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. பணிபுரியும் பெண்களுக்காக 24.2.2018 அன்று தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் பெற்று வாங்கிய ஸ்கூட்டர்களும் உண்டு. நிலக்கோட்டைக்குப் பூ, ஒட்டன்சத்திரத்துக்குக் காய், சொசைட்டிக்குப் பால், வேடசந்தூர் மில்லுக்கு ஷிப்ட் என்று எல்லாம் இந்த வண்டிகளில்தான். அதிகாலை இருட்டில் மல்லிகை மூட்டையோடு நான்கு வழிச்சாலையைக் குறுக்கே கடக்கும்போது, நடு ரோட்டில் வண்டி அணைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே இது பணக் கணக்கு மட்டும் அல்ல.

சொட்டு நீர் மாதிரிதான் கார்பரேட்டர்

உங்களில் பலர் தோட்டத்தில் சொட்டு நீர்ப் பாசனம் போட்டிருக்கிறீர்கள். அதில் முதலில் அடைப்பது எது? பெரிய பைப் அல்ல, கடைசியில் சொட்டுவிடும் சின்ன ஓட்டைதான். கார்பரேட்டரும் அப்படித்தான்.

இதன் வேலை பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது. உள்ளே பித்தளையில் இரண்டு ஜெட் இருக்கும். ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கும்போது மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் போகும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு நிற்கும்போதும், மெதுவாக உருட்டும்போதும் ஸ்லோ ஜெட் வழியாகத்தான் போகும். இந்த ஸ்லோ ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான். வண்டியை இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் வைத்திருந்தால் கார்பரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போல ஒரு கசடு படியும். முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட்தான். அதனால்தான் வேகத்தில் நன்றாக ஓடும் வண்டி மெதுவாகப் போகும்போது மட்டும் திணறுகிறது.

இதற்கு நேர்மாறாக, மெதுவாக நன்றாக ஓடி வேகம் எடுக்கும்போது இழுக்காமல் போனால் மெயின் ஜெட், ஏர் ஃபில்டர், பெட்ரோல் வரும் டியூப் இவற்றைப் பார்க்க வேண்டும். எல்லா வேகத்திலும் மிஸ்ஸிங் அடித்தால் பிளக், பிளக் மூடி, ஒயர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். மழையில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் பெரும்பாலும் பிளக் மூடியில் ஈரம் இறங்குகிறது.

வீட்டு வாசலிலேயே பார்க்கலாம்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, திறந்த இடத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். அறைக்குள்ளோ அடைத்த கொட்டகையிலோ வேண்டாம், புகை ஆளையே சாய்க்கும். முந்தானையைச் சொருகிக்கொள்ளுங்கள், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

முதலில் சோக். காலையில் போட்ட சோக்கை எடுக்க மறந்துவிட்டு, "வண்டி சூடானதும் திணறுது, பெட்ரோல் நாத்தம் அடிக்குது" என்று மெக்கானிக்கிடம் போனவர்கள் உண்டு. சிரிக்க வேண்டாம், கேபிள் சிக்கிக்கொண்டு தானாகவே பாதியில் நிற்பதும் நடக்கும்.

சோக் சரி என்றால் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் சத்தத்தைக் கேளுங்கள். ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தால், சோக் போட்டால் மட்டும் நின்று ஓடினால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஸ்லோ ஜெட் அடைப்பு என்பதற்கு இது நல்ல அடையாளம். சத்தம் கூடியும் குறைந்தும் அலைபாய்ந்தால் வேண்டாத இடத்தில் காற்று உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். கார்பரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் இடத்தில் ரப்பரோ பேக்கிங்கோ வெயிலிலும் சூட்டிலும் வெடித்திருக்கும். அந்த இடத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவும்போது இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பது சில பேருக்குப் பழக்கம். சூடான இன்ஜினில் அது தீ விபத்து.

அடுத்தது பிளக். இன்ஜின் ஆறிய பிறகு பிளக் ஸ்பேனரால் கழற்றி முனையைப் பாருங்கள். வெளிர் காபிப் பொடி நிறம் இருந்தால் நல்லது. கரி அடுப்பில் வைத்தது போலக் கன்னங்கரேல் என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். எண்ணெய்ப் பசையாக ஈரமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். பிளக் விலை கம்மிதான், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம். எந்த நம்பர் பிளக் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

நம் செம்மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். ஸ்பாஞ்ச் வகை என்றால் கழுவிக் காயவைத்துப் போடலாம். பேப்பர் வகையைக் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் வண்டி நன்றாகப் போவது போலத் தெரியும், ஆனால் புழுதி நேரே சிலிண்டருக்குள் போகும். அதன் பிறகு உண்மையிலேயே இன்ஜின் வேலைதான்.

மழைக் காலம் முடிந்ததும் திணறத் தொடங்கினால் பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். நடமாட்டம் இல்லாத, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத வெளியிடத்தில், டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால் கீழே தனி அடுக்காகத் தெரியும். தெரிந்தால் டேங்கைக் காலி செய்து கழுவுவதுதான் வழி. மழைக்குப் பயந்து டேங்க் மூடிக்கு அடியில் பாலித்தீன் பை வைப்பதும் தப்பு. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு, அது அடைந்தால் பத்து நிமிடம் ஓடி வண்டி நின்றுவிடும்.

பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோலை அவசரத்துக்குத் தவிர வாங்காதீர்கள். பங்க்கில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். ஒரு சொட்டு விட்டு ஆவியானதும் கறை இருக்கக் கூடாது. கொடுக்க மாட்டேன் என்று அவர்கள் சொல்ல முடியாது, கேட்பது உங்கள் உரிமை.

ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டால் சரியா?

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மெதுவாகப் போனால் அணைகிறது என்று சொன்னதும், சில கடைகளில் கார்பரேட்டரைத் திறக்காமலே ஐடிலிங் ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றி, "முடிஞ்சதுக்கா, போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வண்டி அணையாது. ஆனால் எக்ஸ்எல், ஸ்கூட்டர் இரண்டிலும் கையால் பிடிக்கிற கிளட்ச் கிடையாது. இன்ஜின் வேகம் கூடினால் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஐடிலிங் அதிகமாக இருந்தால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி முன்னே நகரும். முன்னால் பிள்ளையை நிற்கவைத்துக்கொண்டு, பின்னால் மூட்டையோடு கேட்டில் நிற்கும்போது வண்டி தானாக நகர்ந்தால் என்ன செய்வீர்கள்? பெட்ரோலும் வீணாகிறது. சென்டர் ஸ்டாண்டில் ஐடிலிங்கில் ஓடும்போது பின் சக்கரம் வேகமாகச் சுற்றினால் ஸ்க்ரூவை இறக்கச் சொல்லுங்கள்.

ஜெட்டைச் சுத்தம் செய்யும்போதும் கவனியுங்கள். பெட்ரோலிலோ கார்பரேட்டர் கிளீனரிலோ கழுவி, காற்று அடித்து ஊத வேண்டும். கம்பி, ஊக்கு விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும், பிறகு மைலேஜ் போய்விடும். அப்படி ஆகிவிட்டால் ஜெட்டை மட்டும் புதிதாக மாற்றலாம், முழுக் கார்பரேட்டரும் தேவையில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஜெட், பிளக் எல்லாம் சரியாக இருந்தும் சூடானதும் ஐடிலிங் நிற்கவில்லை என்றால் வால்வு செட்டிங் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்குகள் டேப்பட் என்பார்கள். இதுவும் இன்ஜினைப் பிரிக்கிற வேலை இல்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது விதிமுறை எக்ஸ்எல் 100-ல் கார்பரேட்டரே இல்லை. ஃப்யூல் இன்ஜெக்ஷன் என்று, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. இதில் சோக்கும் ஸ்லோ ஜெட்டும் கிடையாது. மீட்டரில் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் அதற்கான கருவி உள்ள சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இந்த வண்டிகள் தடுமாறும், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையான இன்ஜின் வேலைக்கு அடையாளம் வேறு. கிக்கரை மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்கும். எந்த வேகத்திலும் இழுக்காது, ஏற்றத்தில் நின்றுவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வரும், ஆயில் குறையும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலந்து ஓடுவதால் கொஞ்சம் புகை சகஜம், அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "அண்ணே, வேகத்துல நல்லா இழுக்குது. மெதுவாப் போனா மட்டும் விக்குது. சோக் போட்டா நிக்குது. முதல்ல ஸ்லோ ஜெட்டைக் கழட்டிக் காமிங்க, ரப்பரையும் பாருங்க" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்கிற அக்காவிடம் யாரும் உடனே இன்ஜினைப் பிரிக்கலாம் என்று பேச மாட்டார்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள்.

குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி இன்ஜின் வேலைக்கு என்று உள்கடன் கேட்டு வந்தால், கார்பரேட்டர் கழுவி, பிளக் மாற்றிப் பார்த்தாச்சா, கிக்கர் எதிர்ப்பு இருக்கிறதா என்று ஊக்குநரும் பிரதிநிதியும் கேட்டுவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள். கார்பரேட்டர் வேலைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும், அதற்கு உறுப்பினர் பத்து மாதத் தவணை கட்ட வேண்டியதில்லை.