உயர்த்திக் கட்டிய பிக்கப் வண்டி: முன்பக்க ஆட்டமும் சத்தமும் எங்கிருந்து வருகின்றன?

அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் பிக்கப் வண்டி இல்லாமல் விவசாயம் நடப்பதில்லை என்ற நிலை வந்துவிட்டது. மாங்காய், தக்காளி, நிலக்கடலை மூட்டை, மாட்டுத்தீவனம் எல்லாம் அதில்தான் போகின்றன. எங்கள் பகுதி நெசவாளர்களின் நூல் மூட்டையும் சேலைக் கட்டும்கூட அதே வண்டியில்தான் போகின்றன. ஏரிக்கரை, கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதை, கொசஸ்தலை ஆற்றோர மணல் என்று போக வேண்டிய இடங்கள் அப்படி. அடிப்பகுதி இடிக்கிறது, லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்பதால் பலரும் ஸ்பிரிங் பட்டறைக்குப் போய் வண்டியை உயர்த்திக் கட்டிவிடுகிறார்கள்.

அதன் பிறகுதான் தொந்தரவு ஆரம்பிக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டக்' என்கிறது, காலி வண்டியாகத் திரும்பும்போது ரோட்டைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. பட்டறையில் முதலில் பால் ஜாயின்ட்டை மாற்றுவார்கள். பிறகு டை ராடு, அதற்குப் பிறகு பேரிங். பணம் போகும், ஆட்டம் போகாது. இலை மஞ்சளாக இருப்பதைப் பார்த்ததும் யூரியாவைத் தூவுவது போன்றது இது. இரும்புச்சத்துக் குறைவா, வேர் அழுகலா, நீர் தேங்கியதா என்று பார்க்காமல் போட்ட யூரியா வீண்தான். வண்டிக்கும் முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் பாதி வேலையை நீங்களே செய்யலாம்.

உயர்த்தும்போது என்ன மாறுகிறது?

நம் ஊரில் மூன்று விதமாக உயர்த்துகிறார்கள். ஒன்று, பின்பக்க ஸ்பிரிங் கட்டில் கூடுதல் பட்டை சேர்ப்பது அல்லது ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பது. இரண்டு, முன்பக்கத்தை உயர்த்துவது. இதில் முறுக்குக் கம்பி என்ற டார்ஷன் பார் உள்ள வண்டியில் அதன் போல்ட்டை இறுக்குவார்கள், சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஸ்பேசர் வைப்பார்கள், பட்டை உள்ள வண்டியில் பட்டை சேர்ப்பார்கள். மூன்று, பெரிய டயர் போடுவது. எந்த விதம் என்பதைப் பொறுத்துத்தான் நோயும் வரும். அதனால் உங்கள் வண்டியில் என்ன செய்யப்பட்டது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளின் முன் ஃபோர்க் கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்தே இருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வு முக்கியக் காரணம். பிக்கப்பின் முன்சக்கரத்துக்கும் இதே சாய்வு உண்டு, அதை 'கேஸ்டர்' என்கிறார்கள். முன்பக்கத்தைத் தொடாமல் பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் வண்டி முழுவதும் முன்னோக்கிச் சாயும், கேஸ்டர் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவில் 3 மீட்டர் உள்ள வண்டியில் பின்பக்கம் 75 மில்லிமீட்டர், அதாவது 3 அங்குலம் உயர்ந்தால், சாய்வு ஏறக்குறைய 1.4 டிகிரி குறைகிறது. மொத்தமே சில டிகிரிதான் இருக்கும் இடத்தில் இது பெரிய குறைவு.

இங்கேதான் நம் விவசாயிகள் சொல்லும் ஒரு அடையாளம் உதவுகிறது: "லோடு ஏத்தினா நல்லா ஓடுது, காலியா வந்தா ஆடுது." லோடு ஏறியதும் பின்பக்கம் பழைய உயரத்துக்கு இறங்கி, சாய்வு திரும்பக் கிடைக்கிறது. இறக்கியதும் போய்விடுகிறது. இப்படி இருந்தால் பால் ஜாயின்ட்டை மாற்றும் முன் உயரத்தையும் கேஸ்டரையும் பாருங்கள்.

எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள்

மெக்கானிக்கிடம் "ஆடுது" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வேகத்தில், எந்தச் செயலின்போது என்று சொல்ல வேண்டும்.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கி, வேகம் கூடினால் குறைந்துவிடுகிறது என்றால் முன்சக்கரத்தின் பேலன்ஸ், டயர் வீக்கம், வளைந்த ரிம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஸ்டீயரிங் அசையாமல் சீட்டும் தரையும் மட்டும் அதிர்ந்தால் கோளாறு பின்சக்கரத்திலோ புரொப்பெல்லர் ஷாப்ட்டிலோ இருக்கும்.

அதிர்வின் வேகத்தையும் காதால் பிரிக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிக்கப்பின் சக்கரம் ஒரு நொடிக்கு 7 அல்லது 8 முறை சுற்றும். ஷாப்ட் அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும். எனவே 'தட தட' என்று வந்தால் சக்கரம், 'உர்ர்' என்று ரீங்காரமாக வந்தால் ஷாப்ட்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் அடியில் உதறல் வந்தால், ஷாப்ட்டின் சென்டர் பேரிங்கையும் யூ ஜாயின்ட்டையும் பாருங்கள். யூ ஜாயின்ட் வளைந்த நிலையில் சுற்றும்போது அதன் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். ஷாப்ட்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்று சரிக்கட்டிவிடும். கட்டை வைக்கும்போது ஆக்சில் சற்றுத் திரும்பினாலும் அந்தச் சமன் கெடும். பல நாட்களாக முன்பக்கம் என்று நினைத்த அதிர்வு கடைசியில் ஷாப்ட்டில் இருப்பது உண்டு.

சிறு பள்ளத்தில் ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறுவது போல வெறித்தனமாக ஆடினால், அதுவும் முன்பக்கம் ஒரே ஆக்சில் உள்ள வண்டியில், கேஸ்டர் குறைவையும் கிங் பின், டை ராடு தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். அப்படி ஆடும்போது பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்டுங்கள். சரி செய்யாமல் லோடு ஏற்றக் கூடாது.

பள்ளத்தில் இறங்கி ஏறும்போது 'டக்' என்று கேட்டால் ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு முட்டுகிறதா என்று பாருங்கள். டார்ஷன் பாரை இறுக்கினால் ஸ்பிரிங் பலம் கூடுவதில்லை, உயரம்தான் கூடுகிறது. சக்கரம் கீழே இறங்க இருந்த இடம் குறைந்துபோவதால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆர்ம் ரப்பர் கட்டையில் முட்டும். ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட் இரண்டையும் அதன் பிறகு பார்க்கலாம்.

முழுதாக ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது 'கடக் கடக்' என்றால், ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தால் முன் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள். அதிகக் கோணத்தில் சுற்றுவதால் அதன் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்திருக்கும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் முன்பக்கம் அந்தப் பாகமே கிடையாது, அங்கே டயர் உரசுகிறதா என்று பாருங்கள்.

தொடர்ந்து 'ஊஊ' என்று ஓசை வந்து, வளைவில் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். அதற்கும் உயர்த்தியதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

வீட்டு வாசலிலேயே செய்யும் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் அணை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.

1. நான்கு டயர்களின் காற்றையும் குளிர்ந்த நிலையில் பாருங்கள். பக்கவாட்டு வீக்கம், வெட்டு, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது.

2. வீல் நட்டுகள் எல்லாம் இறுக்கமா? சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

3. பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைப் பாருங்கள். புதுப் பட்டை சேர்த்தால் முதல் இரண்டு மூன்று லோடுக்குள் அவை தளரும். அப்படியே ஓட்டினால் நடு போல்ட் முறிந்து ஆக்சில் நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

4. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின். இடமும் வலமும் கை வைத்து ஆட்டும்போது அசைந்தால் டை ராடு முனைகள்.

5. சக்கரத்தை இறக்கி, இன்ஜினை ஓட விட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதாக இடமும் வலமும் அசைக்க, மற்றவர் எட்ட நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த முனை தாமதமாக அசைகிறதோ அதுதான் தேய்ந்தது.

6. பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடக் கூடாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள்.

7. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், அதிர்வு வரும் வேகத்தில் சில நொடி நியூட்ரல் செய்து பாருங்கள். சாவியை அணைக்கக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், பிரேக் பலம் போய்விடும். அதிர்வு மாறாவிட்டால் சக்கரம், டயர். உடனே குறைந்தால் இன்ஜினிலிருந்து இழுவை வரும் பக்கம்.

பட்டறையில் கேட்க வேண்டியது

மலிவான வேலையிலிருந்து தொடங்குங்கள்: காற்று, நட்டு, பேலன்ஸ், அலைன்மென்ட், அதன் பிறகு பாகங்கள். தேய்ந்த பாகத்தோடு அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது என்பதால் மேலே சொன்ன நான்காவது, ஐந்தாவது சோதனைகளை முன்பே முடித்துவிடுங்கள். அலைன்மென்ட் செய்தவரிடம் டோ மட்டும் போதாது, கேம்பரும் கேஸ்டரும் எவ்வளவு என்று அச்சிட்ட தாளைக் கேளுங்கள். கேஸ்டர் குறைவு என்றால், முன்பக்கம் பட்டை உள்ள வண்டியில் சாய்வு ஆப்பு வைத்துத் திருத்தலாம், இல்லாவிட்டால் பின் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும். புது புஷ் சில வாரத்தில் கீச்சிடுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் உட்கார்ந்திருந்தால் லோடு இருக்கிறது என்று உணர்ந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், உயர்ந்திருந்தால் காலி என்று நினைத்துக் குறைக்கும். உயர்த்தியபின் இதன் கம்பியைச் சரி செய்யாவிட்டால், முழு லோடு இருந்தாலும் வால்வு குறைத்துத்தான் விடும். திருத்தணி மலைப்பாதை போன்ற இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. கம்பெனி அளவின்படி அதைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 2019 திருத்தம் வழி செய்கிறது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பட்டை சேர்ப்பதால் ஆர்.சி.யில் எழுதிய எடை கூடிவிடாது. ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய எடைக்கே செய்தவை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பின்பக்கம் இரண்டு பட்டை சேர்த்தேன். காலியாக வரும்போது மட்டும் ஆடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு பட்டையைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் குறைந்தால் நோய் தெரிந்துவிட்டது. சமதளத்தில் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். இடமும் வலமும் வித்தியாசம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: மாங்காய் சீசன் நடுவில் வண்டியை நிறுத்த முடியாது. ஓட்டலாமா?

பதில்: பேலன்ஸ் குறைவால் வரும் லேசான நடுக்கம் என்றால் வேகத்தைக் குறைத்து ஓட்டி, முதல் ஓய்வு நாளில் சரி செய்யுங்கள். பால் ஜாயின்ட் ஆட்டம், தளர்ந்த யூ போல்ட், இழுபடும் பிரேக் ஹோஸ், கையை உதறும் ஸ்டீயரிங் இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் ஓட்ட வேண்டாம். வாடகை வண்டியில் ஒரு நடை அனுப்பினால் போவது அன்றைய லாபம் மட்டும்தான்.

கேள்வி: உயர்த்தாமலே அடி இடிப்பதைக் குறைக்க வழி உண்டா?

பதில்: பல வண்டிகளில் உண்மையான காரணம் பழைய பட்டை தளர்ந்து தட்டையானதுதான். கம்பெனி அளவில் புதுப் பட்டை போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும், கோணம் எதுவும் கெடாது. அதோடு தோட்டத்துப் பாதையின் நடுத்திட்டை மழைக்கு முன் ஒரு நாள் வெட்டிச் சமன் செய்து பாருங்கள். பட்டறைச் செலவைவிட அந்த ஒரு நாள் கூலி குறைவாகத்தான் வரும்.