இலையில் எழுதிய அம்பு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களைக் கடந்தால் அடர்காடு தொடங்கும். அங்கு வாழ்ந்த வேடரை எழுத்தறியாதார் என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அவர்தம் அம்போ வேறு கதை சொல்கிறது.

அம்பின் உறுப்புகள் மூன்று. தண்டும் இறகும் காட்டின் கொடை. இரும்பலகு மட்டும் ஊர்க் கொல்லனிடமிருந்தே வரவேண்டும். வேடர் இரவில் வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அலகின் வடிவில் நறுக்கிய இலையையும் வைத்துச் செல்வராம். 1681இல் வெளிவந்த தம் நூலில் இராபர்ட் நொக்ஸ் இதனைக் குறித்துள்ளார். அளவு பிசகாமல் செய்தவனுக்கு மேலும் இறைச்சி கிடைக்கும். செய்ய மறுத்தவனை இரவில் அம்பு தேடி வரும்.

மானுக்கு வில் போதும். கரடியோ அவர்கள் அஞ்சிய விலங்கு. தேனும் பாலைப்பழமும் இருவருக்கும் உரியன. ஆதலின் எதிர்ப்படுதல் தவிராது. நெருங்கிவிட்ட கரடியின் முன் நாணேற்ற நேரமேது? அங்கே துணை நின்றது கோடரியே.

1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாயிற்று. வேடரின் பழைய வேட்டைநிலம் பலவும் அதனுள் அடங்கின. வேட்டை குற்றமாயிற்று. வேடரை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலோ, அம்பேந்தி ஆடும் அவர்தம் வழிபாட்டைக் காட்டுகிறது. அந்த அம்பை இன்று பழம்பொருளாக மட்டும் பார்த்தல் தகுமா? முகம் காணாத இருவரிடையே ஓர் இலை ஓலையாயிற்று என்பதையும் நம் மாணவர் அறியட்டும்.