தட்டச்சுக் கடையும் சட்டத்தரணியின் மேசையும்

வெள்ளவத்தைக் காலி வீதியில் நடப்போர் தட்டச்சு, நிழற்பிரதி என்று பெயர்ப்பலகை தாங்கிய சிறு கடைகளைக் காணாதிருக்க இயலாது. கொட்டாஞ்சேனையிலும் அவ்வாறே. ஓய்வூதிய மனு, சத்தியக் கடதாசி, கடல் கடந்த மகன் கேட்டனுப்பிய அற்றோணித் தத்துவம் முதலியன அங்கே உருப்பெறுகின்றன. சிங்களமும் ஆங்கிலமும் அறியாத முதியோர்க்கு இக்கடைக்காரர் செய்யும் உதவி சிறிதன்று. ஆயின் அவ்வுதவி எவ்விடத்தில் சட்டத் தொழிலாகிவிடுகின்றது?

முன்னாளில் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் நாம் அழைத்த இரு வகுப்பாரும் 1974ஆம் ஆண்டு முதல் சட்டத்தரணிகள் என்னும் ஒரே வகுப்பாயினர். கட்சிக்காரருக்கு ஆலோசனை கூறும் உரிமையை 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் அவர்க்கே வழங்குகின்றது. காணி உறுதியோ நொத்தாரிசுக்கு உரியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படாத விற்பனை உறுதி செல்லாது.

மரணசாதனத்தை நொத்தாரிசு இன்றியும் எழுதலாம். அப்பொழுது ஐந்து சாட்சிகள் வேண்டும். "இரண்டு சாட்சி போதும் ஐயா" என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடு கூறிவிட்டாராயின், எழுதியவர் கண்மூடிய பின்னரே அதன் விளைவு தெரியவரும். அவர் பெற்றது தட்டச்சுக் கூலி. அக்குடும்பம் இழப்பதோ வீடு.

அமெரிக்காவில் இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. மணவிலக்குப் படிவங்களைத் தட்டச்சு செய்து கொடுத்த மரிலின் பிரம்பா என்ற பெண்மணிக்கு, புளோரிடா உயர்நீதிமன்றம் 1978இல் ஓர் எல்லை வகுத்தது: வாடிக்கையாளர் எழுத்தில் தந்ததைப் படியெடுக்கலாம், எந்தப் படிவம், எப்படி நிரப்புவது, எங்கே கொடுப்பது என்பவற்றைச் சொல்லலாகாது. அவ்வாறே ஏழைகளுக்கு உதவிய ரோஸ்மேரி பர்மன் என்பவர் 1984இல் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் ஆளுநரின் கருணையால் சிறை செல்லாது தப்பினார். எந்தக் கந்தோரில் கொடுப்பது என்பதைக்கூடச் சொல்லலாகாது என்பது, எம் அபிப்பிராயத்தில், கடுமை மிகுந்த விதியே. எனினும் அந்த எல்லை நம்மவர்க்கும் நல்ல வழிகாட்டி.

வாடிக்கையாளர் கைப்பட எழுதியதையோ சட்டத்தரணி தந்த வரைவையோ பார்த்தே அடித்தல் வேண்டும். அம்மூலத்தைப் பேணி வைத்தல் நன்று. பற்றுச்சீட்டில் "தட்டச்சுக் கூலி" என்றே குறிக்க வேண்டும். "உறுதிகள் முடித்துத் தரப்படும்" என்ற பலகை வேண்டாம். சத்தியக் கடதாசியில் சமாதான நீதவானின் ஒப்பத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கும் வழக்கம் பேராபத்தானது. சத்தியம் செய்பவர் அவர் முன்னிலையிலேயே கையொப்பமிடல் வேண்டும்.

"தம்பி, வீட்டை மகளுக்கு நன்கொடையாக எழுதுவதா, மரணசாதனமாக எழுதுவதா?" என்று ஒரு தாயார் கேட்கக்கூடும். "அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள் அம்மா, அவர் எழுதித் தருவதை நான் அடித்துத் தருகிறேன்" என்பதே தகுந்த மறுமொழி. பணமில்லை என்று அவர் தயங்கினால், 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையில் இருக்கின்றது. வழி சொல்லியனுப்புவதற்கு நம் நாட்டில் எவரும் வழக்குத் தொடரமாட்டார்.