நாலுக்கு ஒன்று

கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் வந்தான். வடபழஞ்சி எல்காட் பூங்காவில் வேலை. ஆனையூரிலிருந்து பைக்கில் போய்வருகிறான். ஆண்டுக்கு 8 லட்சம். பெங்களூரில் 13 லட்சம் தருகிறார்களாம்.

"போகலாமா அத்தை?"

ஆஃபர் லெட்டரைக் காட்டினான். அதில் போட்டிருக்கும் சி.டி.சி., அதாவது கம்பெனிக்கு அவனால் ஆகும் மொத்தச் செலவு, ஊறின அரிசி மாதிரி. தண்ணீரும் சேர்ந்துதான் கனக்கும். அடுப்படித் திண்டிலேயே உட்கார்ந்து வடிக்க ஆரம்பித்தோம்.

முதலில் வேரியபிள் பே, 1,30,000. வந்தால் வரும், அதைத் தள்ளி வை என்றேன். அடிப்படைச் சம்பளம் 6,50,000. அதில் 12 சதவீதம், 78,000, கம்பெனி கட்டும் பி.எஃப்.; அதுவும் இந்த 13-க்குள்தான். கிராஜுவிட்டி என்று 31,000 சொச்சம். ஐந்து வருஷம் முடியாமல் கிளம்பினால் அது கிடையாது. இன்ஷூரன்ஸ் கொஞ்சம். பிறகு அவன் பங்காகப் பிடிக்கும் பி.எஃப். இன்னொரு 78,000, தொழில் வரி. புதிய முறையில் 2025-26 முதல் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை. அந்த மட்டும் நிம்மதி.

கைக்கு வருவது மாதம் 81,000. இப்போது 57,000. லெட்டரைப் பார்த்தால் மாதம் 41,000-க்கு மேல் கூடுகிறது. பாத்திரத்தில் நிற்பது 24,000. பி.எஃப். எங்கும் போகாது, அவன் பணம்தான். ஆனால் வாடகை கேட்கும் வீட்டுக்காரரிடம் பாஸ்புக்கையா நீட்டுவது?

அறையில் பங்கு 12,000, சாப்பாடு 7,000, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோக 3,000. மிச்சம் 2,000.

"அவ்வளவுதானா?" என்றான்.

இதுவரை பார்த்தது அரிசி மட்டும். எங்கள் வீட்டுக் கணக்கு நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அளவில் சின்னது, ஆனால் மாவைத் தூக்கி நிறுத்துவது அதுதான். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விடும். அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் கொழகொழப்பு. அரிசியை ஆறாக்கிவிட்டு உளுந்தை ஒன்றிலேயே நிறுத்தினால் நிறைய இட்லி வரும். சுவரில் அடித்தால் திரும்பி வரும்.

அவனுக்கு உளுந்து எது? ஏழு மணிக்குள் வீடு. அப்பாவைச் சுகர் டெஸ்டுக்குக் கூட்டிப்போவது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். இதற்கெல்லாம் லெட்டரில் கட்டம் கிடையாது. பெங்களூரில் அலுவலகத்துக்குப் போக எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "டிராஃபிக்கைப் பொறுத்து" என்றான். மதுரை-பெங்களூர் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் கடைசியில் ஓட ஆரம்பித்ததிலிருந்து பகலிலேயே வந்துவிடலாம் என்று வாதாடினான். வரலாம்தான், ஒரு பகல் முழுக்க ரயிலில் போகும்.

மாவு பொங்க இடமும் வேண்டும். மதுரை வெக்கையில் ராத்திரி கரைத்தால் விடியும்முன் வழிந்து நிற்கும். பெங்களூர்க் குளிரில் என் நாத்தனார் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிவைக்கிறாள். பொங்காமல் போவதில்லை, நேரம் கூடப் பிடிக்கும். அதனால் போகாதே என்று நான் சொல்லவில்லை. இருபத்தாறு வயது, அங்கே கற்கும் வேலைக்கு இன்னும் மூன்று வருஷத்தில் இங்கேயே நல்ல விலை கிடைக்கலாம். இந்த 2,000-க்காகப் போகிறேன் என்றால்தான் எனக்கு ஒப்பவில்லை.

எதைக் கேட்டால் தெரியும் என்றான். இரண்டு சொன்னேன்: போன வருஷம் வேரியபிளில் எத்தனை சதவீதம் கையில் கொடுத்தார்கள், வாரத்தில் எத்தனை நாள் ஆபீசுக்கு வரவேண்டும். அங்கேயே நின்றபடி எச்.ஆருக்கு மெயில் தட்டினான். அனுப்பிவிட்டுக் கிரைண்டரை எட்டிப் பார்த்தான்.

"அத்தை, ஒரு டப்பாவில் மாவு குடுங்க. அம்மா கேட்டாங்க."